சரித்திரக் காதலும் மாயாஜாலமும்: இளையோர் தொடர் நாவல்களைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. தோழி கொடுத்தாள் என்று ஒரு நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பாகத் தொடரின் முதல் பாகம். நான்காம் நாள் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "சித்தி, ஒருத்தர் கையை ஒருத்தர் தொடுறதுக்கே நாற்பது பக்கம் ஆகுது. எனக்குப் பொறுமை இல்ல" என்றாள்.

அவள் நிறுத்தியிருந்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம், ஒரு நடன விருந்து. நாயகியின் கையுறையில் ஒரு பொத்தான் கழன்றிருக்கிறது. நாயகன் அதைப் போட்டுவிடுகிறான். மணிக்கட்டில் ஓர் அங்குலம் தோல் தெரிகிறது. காட்சி அவ்வளவுதான். "அந்தக் காலத்து நடன மண்டபத்தில் யாரும் கையுறையைக் கழற்ற மாட்டார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் வெறுங்கையால் தொட்டுக்கொள்ளும் சந்தர்ப்பமே அபூர்வம்" என்று மட்டும் சொன்னேன். அவள் புத்தகத்தைத் திரும்ப வாங்கி அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். அப்புறம் கீழே வைக்கவில்லை.

இந்த வகை நாவல்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முழுக்க அந்தக் கையுறைக்குள் இருக்கிறது. இங்கே காதல் தனியாக நிற்பதில்லை. ஒரு காலத்தின் கட்டுப்பாட்டோடோ, ஒரு மந்திரத்தின் விதியோடோ உரசும்போதுதான் அதில் பொறி பறக்கும். விதி தெரியாமல் படித்தால் எல்லாரும் காரணமில்லாமல் தயங்குவதுபோல் தோன்றும். தெரிந்துகொண்டு படித்தால், கதவைத் திறந்துவிட்டு ஒருவன் ஒதுங்கி நிற்பதுகூடப் படபடக்க வைக்கும். எப்படித் தொடங்குவது, எங்கே நிதானிப்பது, எதைத் தாண்டிப் போகலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது?

"யங் அடல்ட்" என்று புத்தகத்தின் முதுகில் போட்டிருந்தால், பொதுவாகப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வாசகர்களை மனதில் வைத்து எழுதியது என்று பொருள். நாயகனும் நாயகியும் அந்த வயதுதான். பெரியவர்களும் இவற்றை ஏராளமாகப் படிக்கிறார்கள். முதல் காதல், முதல் துரோகம், வீட்டை விட்டு முதல் முறை வெளியேறுவது ஆகியவை எந்த வயதில் படித்தாலும் சுடும்.

இந்த வகைக்குள் மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, மாயம் ஏதும் இல்லாத சரித்திரக் காதல். காலம் நிஜம், ஊர் நிஜம், காதலர்கள் மட்டும் கற்பனை. இரண்டு, நிஜ சரித்திரத்துக்குள் மாயம் கலந்தது. மூன்று, முழுக்கக் கற்பனை உலகம். ஆனால் ஏதோ ஒரு காலத்தின் வாசனை அதில் அடிக்கும். பழைய ரோமாபுரி போன்ற ஒரு பேரரசு, ஜார் காலத்து ரஷ்யா போன்ற ஒரு பனிதேசம் என்று.

கையில் இருக்கும் புத்தகம் எந்த வாசல் என்று முதல் மூன்று பக்கங்களிலேயே தெரிந்துவிடும். அத்தியாயத் தலைப்பில் ஊர்ப் பெயரும் வருடமும் இருந்தால் முதல் இரண்டு வகையில் ஒன்று. திறந்ததும் கேள்விப்படாத ஊர்களோடு ஒரு வரைபடம் வந்தால் மூன்றாவது.

சினிமாவிலும் கதைகளிலும் உங்களை இழுப்பது பேச்சும் பார்வையும் என்றால் முதல் வாசலுக்குப் போங்கள். சண்டை, சூழ்ச்சி, ரகசியச் சங்கம் பிடிக்கும் என்றால் இரண்டாவது. புதிய உலகத்தில் தொலைந்துபோகப் பிடித்தவர்களுக்கு மூன்றாவது. ஆனால் அது ஆரம்பத்தில் கொஞ்சம் உழைப்பு கேட்கும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இரண்டாவது வகைதான். கால் ஊன்ற நிஜமான தரை இருக்கும், பறக்க மாயமும் இருக்கும்.

ராபின் லாஃபீவர்ஸ் எழுதிய "கிரேவ் மெர்சி" இதற்கு நல்ல உதாரணம். 2012-ல் வந்தது, மூன்று பாகத் தொடரின் முதல் புத்தகம். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சுக்குப் பக்கத்தில் பிரிட்டனி என்று ஒரு தனி நாடு இருந்தது. அதன் ஆட்சி 1488-ல் ஆன் என்ற பதினொரு வயதுப் பெண்ணின் கைக்கு வந்தது. அவளை மணந்து நாட்டைப் பிடிக்க நாலா பக்கமும் போட்டி. இதுவரை சரித்திரம். மரணத்தின் தெய்வத்துக்குத் தொண்டு செய்யும் ஒரு கன்னிமடம், அங்கே கொலைக்கலை பயிலும் பெண்கள், அவர்களில் ஒருத்தி அரசவைக்குள் அனுப்பப்படுவது, இதெல்லாம் நாவல். இரண்டும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று தையல் தெரியாமல் ஒட்டியிருப்பதுதான் அழகு.

இன்னொன்று. முடிந்த தொடராகப் பார்த்து எடுங்கள், அதுவும் இரண்டு அல்லது மூன்று பாகத்துக்குள். எட்டு பாகம் வந்து இன்னும் முடியாத தொடரை முதல் அனுபவமாக எடுத்தால், பாதியில் பல வருடம் காத்திருக்க நேரும். காத்திருப்பதிலும் ஒரு சுகம் உண்டுதான். ஆனால் அதற்கு முதலில் ருசி பிடிக்க வேண்டும்.

2. எந்த வரிசையில் படிப்பது?

கதை நடக்கும் காலவரிசையில் படிக்கலாமா, வெளிவந்த வரிசையில் படிக்கலாமா? வெளிவந்த வரிசைதான் என் கட்சி.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கல்கி. "பார்த்திபன் கனவு" 1941-ல் தொடங்கித் தொடர்கதையாக வந்தது. "சிவகாமியின் சபதம்" அதற்குப் பின் 1944-ல் தொடங்கியது. ஆனால் கதைப்படி சிவகாமிதான் முந்தியவள். நரசிம்மவர்மரின் இளமை அதில் வருகிறது, "பார்த்திபன் கனவில்" அவர் வளர்ந்த பெண்ணுக்குத் தகப்பன். எழுதப்பட்ட வரிசையில் படித்தவர்களுக்கு, சிவகாமியும் இளவரசரும் தாமரைக் குளக்கரையில் பேசும்போதே மனதில் ஒரு பாரம் இருந்திருக்கும். வரப்போவது கொஞ்சம் தெரியும், எப்படி வரும் என்று தெரியாது. காலவரிசையில் படிப்பவர்களுக்கு அந்தப் பாரம் கிடைக்காது. ஆசிரியர் எதை முதலில் சொன்னார், எதைப் பிறகு சொன்னார் என்பதும் கதையின் ஒரு பகுதி.

நார்னியா என்ற மாய உலகத்தை வைத்து சி. எஸ். லூயிஸ் எழுதிய வரிசையிலும் இதே வழக்கு உண்டு. ஏழு புத்தகங்கள், 1950 முதல் 1956 வரை. அந்த உலகம் பிறக்கும் கதை ஆறாவதாக, 1955-ல்தான் வந்தது. அதை முதலில் படித்தால், முதலில் வெளிவந்த புத்தகத்தில் அலமாரிக்குள் நுழைந்த சிறுமி பனியில் கால் வைக்கும் அந்த முதல் ஆச்சரியம் பாதியாகிவிடும்.

தொடர்களுக்கு நடுவே 0.5, 1.5 என்று எண் போட்ட குறுநாவல்கள் வரும். பெரும்பாலும் துணைப் பாத்திரம் ஒருவரின் முன்கதை. எண்ணைப் பார்த்து 0.5-ஐ முதலில் எடுத்துவிடாதீர்கள். அந்த ஆளின் மேல் அக்கறை வந்த பிறகு படித்தால்தான் அது கதை.

3. முதல் ஐம்பது பக்கம்

பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான். காரணம் பெரும்பாலும் கதை அல்ல, பெயர்கள்.

ஆங்கிலப் பிரபுக்கள் வரும் நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். தாய் வைத்த பெயர், குடும்பப் பெயர், பட்டப் பெயர். பட்டம் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஊரின் பெயராக இருக்கும், குடும்பப் பெயரோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. வேலைக்காரர் ஒன்று சொல்லுவார், நண்பன் இன்னொன்று, தங்கை மூன்றாவது. மூன்று பேர் என்று நினைத்துக் குழம்புவோம், பார்த்தால் ஒருவன்தான்.

இதற்கு ஒரு சின்னத் தாள் போதும். புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள். ஆள் வரும்போது மூன்று பெயரையும் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் "நாயகியின் மாமா, கடன்காரர்" என்பதுபோல் இரண்டு வார்த்தை. பத்துப் பேர் சேர்ந்த பிறகு தாள் தேவைப்படாது. பட்டங்களின் வரிசையையும் தாளின் மேலே எழுதிவிடுங்கள். மேலிருந்து கீழாக ட்யூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். ட்யூக்கை "யுவர் கிரேஸ்" என்பார்கள், மற்றவர்களை "மை லார்ட்". ஒரு வைகவுண்ட்டின் மகள் ட்யூக்கிடம் எதிர்த்துப் பேசினால் மண்டபமே ஏன் வாயடைத்துப்போகிறது என்பது இந்த ஒரு வரியால் விளங்கிவிடும்.

பெயரில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இது எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் இரண்டு பேர் நெருங்கினால் "நீங்கள்" ஒருநாள் "நீ" ஆகும். எந்த வரியில் ஆனது என்று வாசகருக்குத் தெரியும், அந்த வரியில் மனசு ஒரு துள்ளு துள்ளும். இன்றைய ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. எல்லாருக்கும் ஒரே "யூ". அதனால் அந்த வேலையைப் பெயர்கள் செய்கின்றன. இருநூறு பக்கம் பட்டப் பெயரிலேயே அழைத்துக்கொண்டிருந்தவள், ஒரு மழைநாளில் அவனுடைய முதல் பெயரைச் சொல்லுவாள். ஆசிரியர் அதை அலட்டாமல் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார். ஆனால் அதுதான் காதல் சொல்லப்பட்ட இடம். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கற்பனை உலக நாவல் என்றால் வரைபடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். நாயகி புறப்படும் ஊர், அவள் போக வேண்டிய ஊர், நடுவில் இருக்கும் தடை. இந்த மூன்றைப் பார்த்தால் போதும். முன்பக்கத்தில் வம்சாவளிப் பட்டியல் இருந்தால் அதைப் பார்க்காமலே தாண்டுங்கள். யார் யாரை மணந்தார் என்று அதிலேயே போட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடை, வண்டி, அறைகலன் பெயர்களுக்கெல்லாம் அகராதியைப் பிரிக்காதீர்கள். "பெலிஸ்" என்றால் ஏதோ மேலங்கி, "ஃபீட்டன்" என்றால் ஏதோ குதிரைவண்டி, அந்த அளவு புரிந்தால் சரி. ஒரே சொல் நாலாவது முறை வந்து, கதையும் அதைச் சுற்றி நின்றால் அப்போது பாருங்கள்.

4. காலத்தின் விதிகளைத் தெரிந்துகொள்வது

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். நாவல் நடக்கும் காலத்தைப் பற்றி மூன்று கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். யார் யாரை மணக்கலாம்? சொத்து யாருக்குப் போகும்? ஒரு பெண் தனியாக எங்கே போகலாம்?

சரித்திரக் காதல் நாவல்களில் மிக அதிகம் வரும் காலம் இங்கிலாந்தின் ரீஜன்ஸி காலம். 1811 முதல் 1820 வரை ஒன்பதே வருடம். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மனநிலை சரியில்லாமல் போக, மகன் அவருக்குப் பதிலாக ஆட்சி நடத்தினான். இந்த ஒன்பது வருடத்தில் நடப்பதாக எழுதப்பட்ட காதல் கதைகளுக்கு அளவே இல்லை.

அந்தக் காலத்து மேல்தட்டு நடன விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத பெண்ணோடு துணைக்கு ஒரு மூத்த பெண் வந்தே ஆக வேண்டும். அறிமுகம் செய்துவைக்காத ஆணோடு ஆட முடியாது. ஒரே ஆணோடு இரண்டு முறைக்கு மேல் ஆடினால் நிச்சயதார்த்தமா என்று பேச்சு கிளம்பும். மற்ற நடனங்களில் வரிசையாக நின்று கைகோத்து விலகுவார்கள். வால்ட்ஸ் மட்டும் இடுப்பில் கை வைத்து ஆடுவது. 1816-ல் அரச விருந்தில் வால்ட்ஸ் ஆடினார்கள் என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை கண்டித்தே எழுதியது. இப்போது நாவலில் "அவர்கள் மூன்றாவது முறையும் ஆடினார்கள், அது வால்ட்ஸ்" என்று ஒரு வரி வந்தால், அது எவ்வளவு பெரிய வரி என்று பாருங்கள்.

ஓடிப்போகும் அத்தியாயங்களும் அப்படித்தான். காதலர்கள் ராவோடு ராவாக வண்டி கட்டி வடக்கே பறப்பார்கள். ஏன் எப்போதும் வடக்கே? 1753-ல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் நிறைவேறி, அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோரை மீறி மணப்பதை அது அடைத்துவிட்டது. ஆனால் ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. அங்கே இரண்டு சாட்சிகள் முன்னால் சொன்னால் கல்யாணம் முடிந்தது. எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் அதனாலேயே புகழ்பெற்றது. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். குதிரைகளை மாற்றி மாற்றி ஓட வேண்டும், பின்னால் அப்பாவின் வண்டி துரத்தும். 1856-ல் இன்னொரு சட்டம் வந்து, மணப்பவர்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்றது. ஆகவே 1870-ல் நடக்கும் கதையில் ஜோடி அங்கே போய் அன்றே மணந்துகொண்டால் ஆசிரியர் கோட்டை விட்டுவிட்டார் என்று பொருள். இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது.

சொத்து விஷயம் இன்னும் கூர்மையானது. 1882 சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்தில் பெரும்பங்கு கணவன் கைக்குப் போய்விடும். நாயகி "மாட்டேன்" என்று சொல்லும்போது அது வெறும் பிடிவாதம் அல்ல. அவளுக்கென்று இருக்கும் எல்லாவற்றையும் ஒருவனிடம் ஒப்படைக்கிறோமா என்ற கேள்வி அது. இது தெரியாதவர்களுக்கு அவள் திமிர் பிடித்தவளாகத் தெரிவாள்.

வேறு நாடு, வேறு காலம் என்றாலும் அதே மூன்று கேள்விகள்தான். விடை மட்டும் மாறும்.

5. மந்திரத்தின் விலை

மாயாஜாலம் வரும் தொடரில் விதியை ஆசிரியரே கதைக்குள் சொல்லிவிடுவார். எந்த மந்திரத்துக்கு என்ன விலை என்பது முதல் பாகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எங்காவது வரும். ஒரு பாட்டியின் கதையாகவோ, ஒரு குருவின் பாடமாகவோ, எச்சரிக்கையாகவோ. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கடைசிப் பாகத்தில் காதல் போய் முட்டும் இடம் அநேகமாக அந்தக் கோடுதான்.

அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய "எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ" நாவலில் எல்லாருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவனுக்கு அந்த ஆளின் மேல் அதிகாரம் உண்டு. அதனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். நாயகன் எல்லாரும் ஒதுக்கும் நிலையில் இருக்கும்போது அவனுடைய நண்பன் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அது காதல் காட்சி அல்ல, நட்புதான். ஆனால் விதி மனதில் பதிந்திருந்தால் அந்த ஒற்றைச் சொல்லில் தொண்டை அடைத்துக்கொள்ளும். "என் உயிர் உன் கையில்" என்று வசனம் எழுதியிருந்தால் அது வந்திருக்காது.

மந்திரத்துக்கு விலையே இல்லாத நாவல்களும் உண்டு. நினைத்தால் நெருப்பு, நினைத்தால் சிறகு. இரண்டாம் பாகத்துக்குள் அவை சலித்துவிடும் என்பது என் அனுபவம்.

6. காதலின் நடையைப் பழகுவது

சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் காதலர்களாவது, அரசியலுக்காகக் கட்டிவைத்த கல்யாணம் மெல்ல நிஜமாவது, நடிப்புக்காகக் காதலிப்பதாகச் சொன்னவர்கள் மாட்டிக்கொள்வது, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முக்கோணம். "ஏற்கெனவே படித்த கதைதானே" என்று ஒதுக்க வேண்டாம். ராகம் ஒன்றுதான், பாடுபவர் எங்கே இழுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதைத்தானே கேட்கிறோம்? எதிரிகள் காதலராகும் கதையில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அவர்கள் பகைக்கு நியாயமான காரணம் இருந்ததா, அந்தக் காரணத்தை ஆசிரியர் தீர்த்தாரா, மறந்தாரா? மறந்திருந்தால் காதல் ஒட்டாது.

மூன்று பாகத் தொடர்களில் முதல் பாகம் பெரும்பாலும் ஒரு பிரிவிலோ துரோகத்திலோ நிற்கும். இரண்டாம் பாகத்தில் இருவரும் வெவ்வேறு ஊரில் இருப்பார்கள், கடிதம் தவறும், சந்தேகம் வரும். வாசகர்கள் அலுத்துக்கொள்வது இந்தப் பாகத்தில்தான். நான் இதைத்தான் அதிகம் விரும்புகிறேன். ஒருவர் இல்லாத இடத்தில் இன்னொருவர் யாராக இருக்கிறார் என்று காட்டுவது இந்தப் பாகம் மட்டும்தான். இதைத் தாண்டிக் குதித்து மூன்றாம் பாகத்துக்குப் போனவர்களுக்கு, கடைசியில் இருவரும் சேரும்போது அவ்வளவு அழுகை ஏன் என்று விளங்காது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும், இளம் வாசகர்களுக்கும் அவர்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சில நாவல்களில் நாயகன் பின்தொடர்கிறான், மிரட்டுகிறான், அவளுக்குப் பதிலாகத் தானே முடிவெடுக்கிறான். அதை ஆழமான அன்பு என்று கதை சொல்லும். அப்படிப்பட்ட பக்கத்தில் நிறுத்தி, "இவளுக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா?" என்று கேளுங்கள். கதையில் ஆபத்தான ஆள் வரலாம், அது கதையின் உரிமை. ஆபத்தை ஆபத்து என்று கதைக்குத் தெரிகிறதா என்பதுதான் விஷயம்.

வயது முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். சாரா ஜே. மாஸின் "எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்" 2015-ல் இளையோர் நூலாக வந்தது. 2020-ல் அதே பதிப்பகம் அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான நூலாக வெளியிட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். அப்புறம் அவர்களோடு அதைப் பற்றிப் பேசுங்கள்.

7. எது நிஜம், எது கற்பனை?

படிக்கும்போது நிஜப் பெயர் ஒன்று வந்தால் உடனே போனில் தேடத் தோன்றும். தேடாதீர்கள். சரித்திர நாவலுக்கு மிகப் பெரிய ஸ்பாய்லர் சரித்திரம்தான். ஜேன் கிரே என்ற பெண் 1553-ல் ஒன்பது நாள் இங்கிலாந்து ராணியாக இருந்தாள். அடுத்த பிப்ரவரியில் அவளுக்கு என்ன ஆனது என்று ஒரே ஒரு தேடலில் தெரிந்துவிடும். ஒரு நாவலாசிரியர் அவளை வைத்து எழுதும்போது அந்த முடிவை ஏற்பாரா, மாற்றுவாரா என்பதுதான் நம்மை முந்நூறு பக்கம் இழுத்துப்போவது. அதைக் கையிலிருந்து நழுவ விட வேண்டாம்.

பெரும்பாலான நூல்களின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருக்கும். எதை மாற்றினேன், எதைச் சேர்த்தேன் என்று அவரே சொல்லியிருப்பார். கதை முடிந்த பின் அதைப் படியுங்கள். "பொன்னியின் செல்வன்" படித்த யாருக்கும் இந்த ருசி தெரியும். குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரின் பெயர் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. கல்லில் ஒரு வரியாக இருந்தவன் குதிரை மேல் வந்து நின்றதும், கல்லில் எங்குமே இல்லாதவள் அவனைவிட நிஜமாகத் தோன்றியதும் எப்படி என்று நினைத்துப் பார்க்கும்போது நாவலை இரண்டாம் முறை படித்ததுபோல் இருக்கும்.

8. வேகம், இடைவெளி, கைவிடுவது

"பொன்னியின் செல்வன்" 1950-ல் தொடங்கி 1954 வரை வாரம் ஒன்றாக வந்த தொடர்கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாரம் காத்திருப்பவர்களை நினைத்து முடிக்கப்பட்டது. இன்றைய இளையோர் தொடர்களும் அதே கொக்கியைத்தான் போடுகின்றன. ஒரே இரவில் விழுங்கலாம், நானும் விழுங்கியிருக்கிறேன். ஆனால் காலையில் பெயர்கூட நினைவிருக்காது. ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம், கொக்கி விழுந்த இடத்தில் மூடிவைப்பது என்று ஒரு வாரம் செய்து பாருங்கள். பகலில் வேறு வேலையில் இருக்கும்போதும் கதை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு பாகம் முடிந்ததும் ஐந்து வரி எழுதி வையுங்கள். யார் எங்கே இருக்கிறார், யாருக்கு யார் மேல் கோபம், எந்த ரகசியம் யாருக்குத் தெரியும். அடுத்த பாகம் ஆறு மாதம் கழித்துக் கிடைத்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

நூறு பக்கம் தாண்டியும் யார் மேலும் அக்கறை வரவில்லை என்றால் தாராளமாக மூடிவிடுங்கள். புத்தகமும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. ஆனால் ஐம்பதாவது பக்கத்தில் மூடாதீர்கள். அந்த இடத்தில் இன்னும் பெயர்கள்தான் குழப்பிக்கொண்டிருக்கும்.

9. முடித்த பிறகு

கடைசிப் பாகம் முடிந்த அன்றே அடுத்த தொடரை எடுக்க வேண்டாம். முதல் பாகத்தை எடுத்து அதன் முதல் அறுபது பக்கத்தை மட்டும் மறுபடி படியுங்கள். யார் யாரோ என்று தாண்டிப்போன ஆட்கள் எல்லாம் இப்போது தெரிந்தவர்கள். மூன்றாம் பாகத்தில் உயிர் விடப்போகிறவர் முதல் அத்தியாயத்தில் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

அக்கா மகள் மூன்று பாகத்தையும் ஐந்து வாரத்தில் முடித்தாள். பிறகு நான் சொன்னபடி முதல் பாகத்தைத் திரும்ப எடுத்தவள், ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "சித்தி, அந்தக் கையுறைப் பொத்தான் தானா கழறல. அதுக்கு ரெண்டு பக்கம் முன்னாடி, அவன் வர்றதைப் பார்த்ததும் அவளே கழற்றியிருக்கா. அப்ப நான் அந்த வரியைப் பார்க்கவே இல்ல."

நானும் பார்த்திருக்கவில்லை. எழுந்துபோய் விளக்கைப் போட்டு அந்தப் பக்கத்தைத் தேடினேன்.